பூட்டுக்கு ஆயுள் உண்டா?

பூட்டுகளைப் பற்றிய விண்ணப்பங்களை வாசிப்பது என் தொழில். திண்டுக்கல் பூட்டுகள் அல்ல. பாட்டு, திரைப்படம், மின்னூல் போன்றவற்றை மறையாக்கம் செய்து இணையத்தில் அனுப்பும்போது, அவற்றைத் திறக்கும் சாவியை உரியவரிடம் மட்டும் கொண்டுசேர்ப்பது எப்படி என்னும் உத்திகளைப் பற்றிய விண்ணப்பங்கள். கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு வழக்கறிஞர்கள் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கான குறிப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் கூலி வேலையை ரமணாசிரமத்துக்கு அருகிலுள்ள ஒரு தெருவில் உட்கார்ந்து செய்துவருகிறேன். செங்கம் சாலையின் இரைச்சலும் ஆசிரமத்து மயில்களின் அகவலும் சேர்ந்து கேட்கும் அறை அது. மந்திர உபதேசமோ தீட்சையோ என்று எதையும் முறையாக வழங்காத ஒரு துறவியின் பெயரால் அறியப்படும் இடத்தில், ரகசியத்தைப் பங்கிடும் உத்திகளை நாள் முழுதும் வாசித்துக்கொண்டிருப்பதில் உள்ள வேடிக்கையை நண்பர்கள் சுட்டிக்காட்டாமல் இருந்ததில்லை.

அவர்கள் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. ரகசியம் காக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டால் அதை ஊரறியச் சொல்ல வேண்டுமே, அப்புறம் என்ன ரகசியம்?

நியாயமான கேள்விதான். காப்புரிமை என்பது அடிப்படையில் ஒரு பேரம். அரசு கண்டுபிடிப்பாளரிடம் சொல்கிறது: நீ கண்டதை முழுவதும் சொல், பதிலுக்கு 20 ஆண்டுகள் அது உனக்கே உரியதாக இருக்கட்டும். நம்முடைய 1970ஆம் ஆண்டுச் சட்டம், கண்டுபிடிப்பையும் அதைச் செயல்படுத்தத் தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியையும் விண்ணப்பதாரர் முழுமையாக விவரிக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு மாதம் கழிந்தால் விண்ணப்பம் யாரும் படிக்கும்படி வெளியாகிவிடும். ‘பேடன்ட்’ என்ற சொல்லுக்கே மூலத்தில் ‘திறந்திருப்பது’ என்றுதான் பொருள்.

மறையாக்கவியலின் பழைய விதி ஒன்றும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியாசிரியர், படைத்துறைக்கான மறைகுறியீட்டைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையில் வகுத்தது அது. முறை முழுவதும் எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் இருக்கக் கூடாது. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். ஆகவே பூட்டின் வரைபடத்தைச் சந்தையில் ஒட்டலாம். ஒட்டப்பட்ட பிறகும் உடைபடாதிருப்பதே நல்ல பூட்டு.

ஒளித்துவைக்கப்பட்ட அறிவு இந்தக் கணக்கில் எங்கே வரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. முன்பின் சந்திக்காத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பியின் வழியாகவே ஒரு பொதுச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டினார்கள். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டார்கள். 1983இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதே முறையை பிரிட்டனின் உளவு நிறுவனத்தில் இருந்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973இலேயே எழுதி வைத்திருந்தார். அதற்கு வித்திட்ட ஜேம்ஸ் எல்லிஸின் சிந்தனை 1970ஐச் சேர்ந்தது. அரசாங்க ரகசியம் என்பதால் 1997 டிசம்பர் வரை வெளியுலகுக்குத் தெரியாது. அது பகிரங்கமாவதற்குச் சில வாரங்கள் முன்பு எல்லிஸ் இறந்துபோனார். காப்புரிமைப் பரிசோதகரின் பார்வையில் காக்ஸின் குறிப்பு ‘முன்னறிவு’ ஆகாது. பிறர் காணும்படி வெளிவராத அறிவு அவருடைய தராசில் எடை பெறுவதே இல்லை. இதை முதலில் படித்தபோது சற்றுக் கொடூரமாகத் தோன்றியது. பிறகு, பகிரப்படாத அறிவைப் பற்றி இதைவிட நேரான தீர்ப்பு இருக்க முடியாது என்றும் தோன்றியது.

இனிப் பூட்டுக்கு வருவோம். 2003 செப்டம்பர் 1 அன்று இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்குப் பெட்டி கட்டாயமானபோது, வீட்டுக்குள் வந்தது உண்மையில் ஒரு சாவிக்கொத்து. 2017இல் அரசு கேபிள் நிறுவனம் மாவட்டங்களுக்கு வழங்கத் தொடங்கிய பெட்டியும் அதன் வாரிசுதான். ஒளிபரப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி, குழம்பிய வடிவில், வருகிறது. அதைத் தெளிவாக்கும் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்தச் சாவியும் இன்னொரு சாவியால் பூட்டப்பட்டே வருகிறது. சந்தா கட்டியவரின் பெட்டியில் இருக்கும் அட்டைக்கு மட்டுமே அதைப் பிரிக்கத் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், ஒருவர் சந்தாவை நிறுத்தும்போது. பத்து லட்சம் பேர் ஒரு பொதுச் சாவியை வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் விலகினால் சாவியை மாற்றியாக வேண்டும். மீதிப் பேருக்கெல்லாம் தனித்தனியே புதுச்சாவி அனுப்பினால் கட்டுப்படியாகாது. 1990களின் பிற்பகுதியில் இதற்கு ஓர் அழகான விடை வந்தது. சந்தாதாரர்களை ஒரு மரத்தின் இலைகளாக வைத்து, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சாவி கொடுப்பது. ஓர் இலை உதிர்ந்தால், அதிலிருந்து வேர்வரை செல்லும் வழியிலுள்ள கணுக்களின் சாவிகளை மட்டும் மாற்றினால் போதும். பத்து லட்சம் இலைகளுக்குச் சுமார் இருபது தட்டுகள். ஆக, ஏறத்தாழ நாற்பது செய்திகளில் காரியம் முடிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்துக் காப்புரிமை கேட்டால் என்ன ஆகும்? பரிசோதகர் இரண்டு பக்கத்திலிருந்து வருவார். முதலாவது: மரம் பழையது, உமது மரத்தில் துறை அறிந்தவர் எளிதில் எட்ட முடியாதபடி என்ன புதிது? இரண்டாவது, சட்டத்தின் 3(கே) பிரிவு. கணித முறை, வணிக முறை, கணிநிரல் மட்டுமேயானது, படிநிலைத் தீர்வுமுறை ஆகியவை கண்டுபிடிப்பே ஆகா என்கிறது அது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவை 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. 2016இன் வழிகாட்டுதல்கள் புதிய வன்பொருளும் வேண்டும் என்றன. 2017இல் அந்த நிபந்தனை போயிற்று. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருக்குமானால் கணினி சார்ந்தது என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிட முடியாது என்றது. பத்து லட்சம் செய்திகள் நாற்பதாகக் குறைவது கணிதமா, வலையமைப்பில் நிகழும் தொழில்நுட்ப விளைவா? என் தொழிலின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியின் இரு கரைகளுக்கும் இடையே ஓடம் விடுவதுதான்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கலைச்சொல் ஒன்று உண்டு. தனக்குக் கிடைத்த சாவியை வெளியாருக்குக் கொடுத்துவிடுபவரை ‘துரோகி’ என்கிறார்கள். 1994இல் ‘துரோகியைத் தடமறிதல்’ என்னும் பொருளிலேயே தலைப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் பிறகு அந்த இலக்கியம் பெருகிவிட்டது. அதை வாசிக்கும்போதெல்லாம் திருக்கோஷ்டியூர் நினைவுக்கு வந்துவிடும். நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து எட்டெழுத்தைப் பெற்ற ராமானுஜர், எவருக்கும் சொல்லாதே என்ற நிபந்தனையை மீறி, ஊரார் எல்லோரும் கேட்கும்படி உயரத்தில் நின்று அதை உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபின் கதை. சாவியைக் கசியவிட்ட முதல் சந்தாதாரர்! ஆனால் அங்கே சாவி கொடுத்தவரே பின்னர் அவரை ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார். கசியவிட்டவர் துரோகியா, எம்பெருமானாரா என்பது எது பூட்டப்பட்டிருந்தது, யாருக்காக என்பதைப் பொறுத்தது. காப்புரிமைப் பரிசோதனையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அதற்கு இடமில்லை என்பதன் கனத்தை எங்கள் தெருவிலேயே உணர்ந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பார்வை மங்கிய பிறகு ஒலிநூல்களை விலைகொடுத்து வாங்கிக் கைபேசியில் கேட்டுவந்தார். ஒருநாள் எதுவும் ஒலிக்கவில்லை என்று கூப்பிட்டார். பார்த்தேன். கோப்புகள் அப்படியே இருந்தன, ஒரு பைட் குறையாமல். விற்ற நிறுவனம் கடையை மூடிவிட்டிருந்தது. அவ்வப்போது சாவியைப் புதுப்பித்துத் தந்த அதன் வழங்கியும் அணைந்துவிட்டது.

“புத்தகம் உள்ளேயே இருக்கு என்கிறீர்களா தம்பி?”

“ஆமாம் ஐயா. சாவிதான் இல்லை.”

“அப்ப அவங்க எனக்கு எதை வித்தாங்க?”

அன்று என் மேசையில் இருந்த விண்ணப்பத்தில் இருபது கோரிக்கைகள் இருந்தன. சாவி எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பயணிக்கிறது, எப்படித் திரும்பப் பெறப்படுகிறது என்பதெல்லாம் அதில் விரிவாக இருந்தது. சாவி வைத்திருப்பவரே இல்லாமல் போனால் என்ன என்பதற்கு ஒரு வரி இல்லை. அதைப் பரிசோதகர் கேட்க வேண்டியதும் இல்லை. புதியதா, எளிதில் எட்ட முடியாததா, தொழிலுக்குப் பயன்படுமா என்பவையே அவருடைய கேள்விகள். காப்புரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்குச் சட்டம் தரும் பதினொரு காரணங்களிலும் ஐயாவின் கேள்வி இல்லை.

இது ஒரு தெருவின் துயரம் மட்டுமல்ல. 2009இல் அமேசான், ஆர்வெல்லின் இரண்டு நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து வாசகரைக் கேளாமல் அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்பது காரணம். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் அனைத்தும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஐயாவுக்கு அதுவும் இல்லை.

நம் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் பாதி கருணையோடு இருக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பவரை விட்டுவிடுகிறது. அதே திருத்தம் மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவங்களை உருவாக்கவும் அனுமதித்தது. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆக ஐயாவுக்கு அனுமதி இருக்கிறது. சாவியைத் தரும்படி யாரையும் சட்டம் பணிக்கவில்லை.

யோசித்தால் இங்கே மூன்று ஆயுள்கள் இருக்கின்றன. பூட்டின் மீதான காப்புரிமைக்கு 20 ஆண்டுகள். நூலின் மீதான பதிப்புரிமைக்கு, ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். பூட்டுக்கோ ஆயுளே குறிக்கப்படவில்லை. ரமணர் 1950 ஏப்ரலில் மறைந்தார். பிச்சைக்குச் செல்லும் சாதுக்கள் பாடுவதற்காக அவர் இயற்றிய அக்ஷரமணமாலை, 60 ஆண்டுக் கணக்குப்படி 2011 முதல் எல்லோருக்கும் உரியது. அச்சிட்ட தாளில் அந்த உரிமை ஓசையின்றி வந்து சேர்ந்தது. இன்று எழுதப்பட்டு, பூட்டிய கோப்பாக மட்டுமே வெளியாகும் ஒரு நூலின் நிலை வேறு. அதன் பதிப்புரிமை முடியும் நாளில் பூட்டின் காப்புரிமை முடிந்து பல்லாண்டு ஆகியிருக்கும். அந்தப் பூட்டை யாரும் செய்யலாம், விற்கலாம். நூலை மட்டும் திறக்க முடியாது.

விடையும் அந்தப் பூட்டறிஞர்களிடமே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1979இல் ஷமீர் ஒரு முறையைச் சொன்னார். ஒரு சாவியை ஐந்து பங்காகப் பிரிக்கலாம். எந்த மூன்று பங்குகள் சேர்ந்தாலும் சாவி முழுதாக மீளும். இரண்டை மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது. நம்மிடம் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அச்சாகும் நூலின் பிரதியைப் பதிப்பாளர் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது அது. பூட்டிய நூலை விற்பவர், அதன் சாவியின் பங்குகளை அந்த நூலகங்களில் ஒப்படைக்கட்டும். கடை மூடினாலோ, உரிமைக்காலம் முடிந்தாலோ அவை கூடட்டும். கணிதம் ஆயத்தமாக இருக்கிறது. நூலகங்களும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஒரு வரியைப் பரிசோதகரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. சட்டம் இயற்றுபவர்களிடம் வாசகர்கள்தான் அதைக் கேட்டாக வேண்டும்.