வேலி கடந்து வரும் பங்காளிகள்

இறைவனின் அத்தாட்சிகளை இயற்கையில் காணுதல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் பனிமூடிய மலைகளையும் வெள்ளிக்கோடாய் இறங்கும் அருவிகளையுமே நினைவுகூர்கிறார்கள். கந்தர்வக்கோட்டையில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் செம்மண் நிலமும், முந்திரிக்காடும், வரிசை பிசகாமல் நிற்கும் தைலமரத் தோப்புகளுமாக விரிந்து கிடக்கும் ஊர் எங்களுடையது. எங்களுக்கு வாய்த்த அத்தாட்சி மயில். அதுவும் ஆடுகின்ற மயில் அன்று. கடலையைக் கிளறித் தின்னுகின்ற மயில்.

இரண்டு ஏக்கர் நிலத்தில் ஆடிப்பட்டத்துக்கு நிலக்கடலை போடுவது அத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்ப வழக்கம். கடலை ஊன்றிய மறுநாளிலிருந்து முளைவிடும் வரையிலும், பிறகு காய் பிடித்து முற்றும் தறுவாயிலும் மயில்கள் வந்துவிடும். சுபுஹுத் தொழுகை முடிந்து வெளுக்கத் தொடங்கும் நேரமே அவற்றின் நேரம். ஒரு சேவலும் நான்கைந்து பெட்டைகளும் சேர்ந்து ஒரு சால் நீளத்துக்கு விதையைப் பொறுக்கிவிட்டு, எதுவுமே நடவாததுபோல் வரப்பில் ஏறி நின்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அந்தக் கழுத்தின் நீலத்தைப் பார்த்து ‘சுப்ஹானல்லாஹ்’ சொல்வதா, கையில் இருக்கும் தகரத்தைத் தட்டுவதா என்ற தடுமாற்றம் எங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இரண்டையும் செய்திருக்கிறோம்.

முன்பெல்லாம் மயிலைப் பார்க்க விரும்புவோர் எங்கள் மாவட்டத்தில் விராலிமலைக்குப் போவார்கள். இப்போது அவை எங்கும் இருக்கின்றன. நரிகள் குறைந்தமையால் மயில் முட்டைகளைத் தின்ன ஆளில்லாமற் போயிற்று என்பது ஊரிலுள்ள பெரியவர்களின் கணிப்பு. எங்கள் பகுதியைப் பொறுத்தவரை 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலையும் இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓரிரவில் தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்பா வைத்த மரம், பாட்டனார் வைத்த மரம் என்று பெயர் சொல்லி வளர்த்தவற்றை எல்லாம் அறுத்து லாரியில் ஏற்றி அனுப்பிய மாதங்கள் அவை. மரம் போன இடத்தில் மறுபடி நட முடியாமல் விட்டவர்களின் நிலங்களில் சீமைக் கருவேலம் அடர்ந்தது. எங்கள் வேலிக்கு மேற்கே அப்படியொரு புதர் உண்டு. அங்கிருந்துதான் மயில்கள் இறங்கி வருகின்றன. வீடிழந்தது நாங்கள் மட்டும் அல்லர் என்பதைப் பிற்பாடுதான் எண்ணிப் பார்த்தோம்.

அந்த ஆண்டுகளில் ஒருநாள் பக்கத்து நிலத்துக்காரர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், கடன் வாங்கித்தான் விதைத்திருந்தார். வரப்போரம் பூச்சிமருந்து கலந்த நெல்லைத் தூவி வைக்கலாம், இரண்டு நாளில் தொல்லை ஒழியும், நீங்களும் உங்கள் பக்கம் தூவினால்தான் பயன் இருக்கும் என்றார். சட்டப்படி அது பெருங்குற்றம். 1963 முதல் மயில் நாட்டின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் அது. கொன்றவருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஆயினும் அவர் கேட்டது சட்டத்தை அன்று. “உங்கள் மார்க்கத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது, பாய்?” என்று கேட்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனோம். அவர் உடனே எதையும் சொல்லிவிடவில்லை. பயிரைக் காப்பது உழவனின் உரிமை, துன்பத்தைத் தடுப்பது ஆகும் என்று முதலில் சொன்னார். பிறகு, “விஷம் யாருடைய விலாசத்தையும் கேட்டுக்கொண்டு போவதில்லையே” என்றார். உண்மைதான். மயிலுக்கு வைத்த நெல்லைப் புறா தின்னும், காடை தின்னும், கௌதாரி தின்னும். செத்த புறாவைத் தின்று கீரி சாகும், தெருநாய் சாகும். குற்றவாளியைக் கண்டறியாத தண்டனைக்கு மார்க்கத்தில் இடமில்லை. முன்னொரு காலத்தில் ஒரேயோர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்று முழுவதையும் எரிக்கச் செய்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தி நபிமொழித் தொகுப்புகளில் வருகிறது. துதி செய்யும் ஒரு சமூகத்தையே எரித்துவிட்டாயே என்பதுதான் அந்தக் கண்டிப்பின் சாரம். சமூகம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தரையில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமூகங்களே என்று திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயமும் பேசுகிறது. கால்நடைகள் என்பது அந்த அத்தியாயத்தின் பெயர். 114 அத்தியாயங்களில் பசு, கால்நடை, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என ஆறு, உயிரினங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஒரு முஸ்லிம் நடும் மரத்திலிருந்தோ விதைக்கும் பயிரிலிருந்தோ மனிதனோ விலங்கோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. மேடைகளில் அதிகம் சொல்லப்படும் நபிமொழி அது. பெரும்பாலும் மரம் நடும் விழாக்களில். பறவை உண்ணும் பகுதியை விளைச்சல் கணக்கில் கண்ணெதிரே இழக்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது. மற்றொரு செய்தியும் உண்டு. பேரீச்சை, திராட்சை விளைச்சலை ஜகாத்துக்காக மதிப்பிடச் செல்பவர்கள் மூன்றில் ஒரு பங்கை, இல்லையேல் நான்கில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக வரும் அறிவிப்பு அது. தோட்டக்காரரும் விருந்தினரும் வழிப்போக்கரும் பறவைகளும் உண்ணும் அளவுக்காக இந்தத் தள்ளுபடி என்று விளக்கம் எழுதிய அறிஞர்கள் இருக்கிறார்கள். வரி மதிப்பீட்டிலேயே குருவிக்கு ஒரு பத்தி ஒதுக்கிய ஆட்சிமுறையை எண்ணிப் பாருங்கள்! (நிலக்கடலைக்கு உஷ்ர் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, அது வேறு பேச்சு.)

இதையெல்லாம் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் நாங்கள் ஒப்பிக்கவில்லை. கடனில் இருப்பவனிடம் ஸதகாவின் சிறப்பைச் சொல்வது இரக்கமற்ற செயல் என்றே நினைக்கிறோம். எங்கள் வரப்பில் விஷம் தூவ மாட்டோம் என்பதை மட்டும் தெரிவித்துவிட்டு, இரு நிலத்துக்கும் சேர்த்து விடியற்காலைக் காவலை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றோம். பழைய சேலைகளை வேலியில் கட்டினோம். காற்றில் அதிர்ந்து மின்னும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தோம். சேலைக்கு மயில்கள் மூன்று நாளில் பழகிவிட்டன. நாடா சற்று நாள் தாங்கியது. அவர் அரைமனதோடு தூவாமல் இருந்தார். அந்த ஆண்டு இருவருக்கும் இழப்புத்தான்.

இழப்பைப் பேசும்போது வெறுப்புக்கு மார்க்கச் சாயம் பூசும் ஒரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. சுவர்க்கத்தில் இப்லீஸ் நுழைவதற்கு மயிலும் பாம்பும் துணைபோயின என்றொரு கதை பழைய கிஸ்ஸா நூல்களில் உண்டு. அதைச் சொல்லி, மயில் நம் வாசலில் அகவக் கூடாது என்று பேசிய மூதாட்டி ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். திருக்குர்ஆனில் அப்படி எதுவும் இல்லை. ஆந்தைக்கும் இதே கதிதான். வீட்டுக் கூரையில் ஆந்தை அமர்ந்தால் மௌத்து வரும் என்று அஞ்சி விரட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆந்தைச் சகுனம் என்று எதுவும் இல்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறார்கள். எங்கள் நிலத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் கம்பு நட்டு வைத்திருப்பதே ஆந்தை வந்து அமர்வதற்காகத்தான். இரவில் அது எலி பிடிக்கும். கடலைக்கு மயிலைவிட எலி பெரிய பகை. ஆனால் எலியை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதால் அதைப் பற்றிப் புகார் குறைவு.

நாகப்பட்டினத்தில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்குப் போனபோது, எங்கள் ஊரைச் சாய்த்த அதே புயல் கரையேறிய பகுதியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குச் சென்றோம். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2002இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. கஜா அங்கிருந்த மான்களையும் விடவில்லை; கடல்நீர் உட்புகுந்து பல மாண்டன. நாங்கள் போன மாலையில் எஞ்சியவற்றின் வழிவந்த வெளிமான் கூட்டமொன்று புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது. முறுக்கிய கொம்புடைய ஆண்மான் ஒன்று தலைநிமிர்ந்து எங்களை நோக்கியது. அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தமையால் பாதையோரம் விரிப்பை விரித்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோதும் அது அதே இடத்தில் நின்றது. அங்கே எங்கள் கடலையை யாரும் தின்னவில்லை என்பதால் மனம் தாராளமாக உருகியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றும் இழக்காமல் வருகின்ற வியப்பை முழு வணக்கமாகக் கருதிவிடக் கூடாது என்று அன்றிரவு வீடு திரும்பும் வழியில் பேசிக்கொண்டோம்.

கோடியக்கரையின் வலசைப் பறவைகளை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் சாலிம் அலி. 1896இல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்து, இது என்ன குருவி என்று கேட்கப் புறப்பட்டதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. மாமா அமீருத்தீன் தையப்ஜி வழியாக பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர், 1987இல் மறையும் வரை பறவைகளை விட்டு நீங்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் அந்தக் குருவி வீழ்ந்ததையே தலைப்பாக வைத்தார். கொன்ற பிறகே அவர் அதை உற்றுப் பார்த்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் கொல்லாமலே உற்றுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. காவலுக்குப் போகும் பிள்ளைகள் அன்றன்று கண்டவற்றை எழுதுகிறார்கள். மரங்கொத்தி, செம்போத்து, உடும்பு, ஒருமுறை இருட்டில் மரநாய். ஹுத்ஹுத் என்று திருக்குர்ஆன் பெயர் சொல்லும் கொண்டலாத்தி எங்கள் தரிசிலேயே மண்ணைக் குத்தி இரை தேடும் பறவை என்பதை அறிந்த நாளில் இளைய பெண் அடைந்த மகிழ்ச்சியை மதரஸாப் பாடம் மட்டும் கொடுத்திருக்காது.

சென்ற ஆண்டு ஆனி மாத உழவின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். டிராக்டர் மேற்கு மூலைக்கு வந்தபோது ஓட்டுநர் திடீரென்று நிறுத்தினார். வேலியோரப் புல்லில் ஒரு பெட்டை மயில் படுத்திருந்தது. மண்ணின் நிறத்தோடு நிறமாக இருந்ததால், இறங்கிப் பத்தடி தொலைவில் நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு எழவில்லை. எங்கள் காலடிக்கும் எழவில்லை. கழுத்தை மட்டும் தாழ்த்தித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அடியில் முட்டைகள் இருந்தன.

அத்தா அங்கேயே நின்று, சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வரும்போது எறும்பு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொன்னதை நினைவூட்டினார்கள். அந்த எறும்பு படையினரைக் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. அறியாமல் மிதித்துவிடுவார்கள் என்றுதான் சொன்னது. நம் மீது ஓர் எறும்பு வைத்த நல்லெண்ணம் அது. “இப்போது நாம் பார்த்துவிட்டோமே, இனி அறியாமல் என்று சொல்ல முடியாதே” என்றார்கள் அத்தா. ஓட்டுநர் நம்மவர் அல்லர். கதை அவருக்குப் புதிது. “எறும்பு பேசினது அவருக்கு எப்படிங்க கேட்டுச்சு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பினார்.

அந்த மூலையில் மூன்று குழி, அதாவது ஏறக்குறைய ஒரு சென்ட் நிலத்தை உழாமல் விட்டோம். ஒரு மாதம் அந்தப் பக்கம் நாயை அவிழ்த்துவிடவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “இதுங்க வளர்ந்து என் கடலையைத்தான் தின்னப்போகுது” என்றார். மறுக்க முடியாத வாதம். ஆனாலும் தம் ஆடுகளை அந்த வேலியோரம் மேய்க்காமல் ஓட்டிச் சென்றதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடி பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் இடம் காலியாக இருந்தது. உடைந்த ஓடுகள் மட்டும் கிடந்தன. ஐந்து என்று எண்ணினோம். அந்த ஒரு சென்ட்டைக் கொத்திவிட்டுத் துவரை ஊன்றினோம். டிராக்டர் ஓட்டுநர், அன்று நின்ற நேரத்தையும் மணிக்கணக்கில் சேர்த்தே பணம் வாங்கிக்கொண்டார்.