ஒளிய ஓர் இடம்

விலங்குக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய புதிதில், கூண்டில் கண்மூடிக் கிடக்கும் பூனையைப் பார்த்தால் “நல்லா தூங்குது” என்று நிம்மதியாக நகர்ந்துவிடுவேன். அது தூக்கமே இல்லை என்பது பிடிபடப் பல மாதமாயிற்று. தூங்கும் பூனையின் உடம்பு தளர்ந்து கிடக்கும். பயந்த பூனையோ நான்கு காலையும் அடியில் மடக்கி இறுகிக்கொள்ளும். கண் மூடியிருந்தாலும் காது ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பும். வேறு போக்கிடமில்லாமல் மணல் தட்டிலேயே உட்கார்ந்திருப்பவையும் உண்டு.

அப்படிப் பயந்து வந்தவள்தான் ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை. வீடு மாறியவர்கள் விட்டுப்போனவள். இரண்டு நாளாக வேகவைத்த சாளையை மோந்துகூடப் பார்க்கவில்லை. பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பதறிப்போய் அவளை வெளியே எடுத்து மடியில் வைத்துத் தடவினேன். இன்னும் இறுகினாள்.

கூண்டு துடைக்கும் அக்கா சொன்னார்: “விட்டுடுங்க தம்பி. மூஞ்சிய மறைக்க இடமில்லாம முழிக்குது.” மளிகைக் கடை பிஸ்கட் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய லுங்கித் துணியைப் போட்டார். சட்டென்று உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தட்டு காலி.

அக்கா கைப்பழக்கத்தில் கண்டதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளியும் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே தெளிந்தன. 2014இல் வெளியான ஆய்வு அது.

இந்தப் பயம் வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. பூனைச் சளிக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை புகுந்தால் உடம்பிலேயே பதுங்கியிருக்கும். பயம் கூடினால் தலைதூக்கும். தும்மலும் கண்ணில் பீளையும் வரும். பிறகு மருந்துக்கு அலைய வேண்டும்.

அதனால் சில பழக்கங்களை மாற்றினோம். கூண்டில் அழுக்கான இடத்தை மட்டும் துடைக்கிறோம். பூனையின் வாசனை ஏறிய துணியைத் தினமும் மாற்றுவதில்லை. பினாயில் பூனைக்கு ஆகாது, அதை நிறுத்திவிட்டோம். தண்ணீரும் சாப்பாடும் ஒரு மூலையில், மணல் தட்டு எதிர்மூலையில். நாய்க்குரல் எட்டாத அறைக்குப் பூனைகளை மாற்றினோம். தூக்கிக் கொஞ்சுவதில்லை; பூனை தானாக வந்து விரலில் கன்னத்தை உரசும்வரை காத்திருக்கிறோம்.

பூனைகளைப் பார்க்க வருகிறவர்கள் “என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்பார்கள். காலி அட்டைப்பெட்டி கொண்டுவாருங்கள். நனைந்தால் தூக்கிப்போட்டுவிடுவோம், அடுத்த பூனைக்குப் புதுசு வேண்டும். எத்தனை வந்தாலும் எங்களுக்குப் போதாது.