நுவரெலியாவில் ஒரு மிடறு

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே, எல்லாரும் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விடுகிற ஊர் எங்கள் யோங் பெங். தங்குவதற்கென்று வருகிறவர்கள் குறைவு. அதனாலோ என்னவோ, விடுமுறைக்குப் போனால் ஓரிடத்தில் நாலு நாளாவது அசையாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஒரு கோல்ஃப் திடல் இருக்க வேண்டும் என்பது கணவருடைய கட்சி.

இப்போது தம்பதிகளுக்கென்றே ஒரு வகைச் சுற்றுலா வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனால் காலையில் கோல்ஃப், மதியம் ஸ்வான் பள்ளத்தாக்கில் வைன் சுவைப்பு, மாலையில் ஊர் சுற்றல். தெரிந்தவர்கள் நாலைந்து ஜோடிகள் போய் வந்து படம் காட்டிவிட்டார்கள். எங்களுக்கு வைனில் பெரிய நாட்டமில்லை. ஆனால் முகர்ந்து, உறிஞ்சி, துப்பி, தலையை ஆட்டும் அந்தச் சடங்கை ஒருமுறை செய்து பார்க்க எனக்கு ஆசை. வைனுக்குப் பதில் தேநீர் என்று முடிவு செய்து, 2025 மார்ச்சில் இலங்கையின் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். கண்டியிலிருந்து ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா பக்கம்தான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். கிரகரி ஏரி, செங்கல் நிறத் தபால் நிலையம், விக்டோரியா பூங்கா, சீதா எலியாவில் சீதையம்மன் கோயில் எல்லாவற்றையும் ஒன்றரை நாளில் பார்த்துவிடலாம்.

கோல்ஃப் திடல் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. 1889இல் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் வீரர்கள் தொடங்கியது. 18 குழிகள். மரங்கள் நெருக்கமாக நிற்பதால் பந்து கொஞ்சம் விலகினாலும் தேடித்தான் எடுக்க வேண்டும். கணவர் நிறையத் தேடினார். தேடிக் கொடுத்தது கேடியாக வந்த ஒரு தம்பி. நாலாவது குழிக்குள் அவன் கண்டுபிடித்துவிட்டான்: “அக்கா, நீங்க பேசுறது ரேடியோ மாதிரியே இருக்கு.” வேலையே அதுதான் என்றேன். அதற்குப் பிறகு பந்தை விட்டுவிட்டுப் பேச்சு வளர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன். அம்மா கொழுந்து எடுக்கிறார்.

எங்கள் நாட்டிலும் தோட்டத்துக்கும் கோல்ஃபுக்கும் உறவு உண்டு, ஆனால் வேறு மாதிரி. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த பகுதியில்தான் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்கம் எழுந்தது, கோல்ஃப் திடலும் வந்தது. பால்மரம் வெட்டியவர்கள் வீட்டுக்காகப் போராட வேண்டி வந்தது. நுவரெலியாவில் திடலும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது, லயமும் இருக்கிறது. எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பீட்ரு தோட்டத்துத் தொழிற்சாலை. 1885இல் தொடங்கிய தோட்டம். வாடப்போட்ட கொழுந்தின் மணம் வாசலிலேயே வந்து நிற்கிறது. நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஒரு பெண் ஒரு நாளில் ஏறக்குறைய 18 கிலோ பறித்தால் நாலு கிலோ தேயிலை என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சுவைப்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரு தரமுறை இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் மூடி வைக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் இப்படி உறிஞ்சினால் அம்மா தலையில் குட்டுவார்! ஆனால் அந்தச் சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. காற்றோடு கலந்து போனால்தான் நாக்கு முழுக்கப் பரவும், மணம் மூக்கின் உள்பக்கம் ஏறும். பிறகு துப்பிவிட வேண்டும், வைன் சுவைப்பவர்கள் செய்வதைப் போலவே. நுவரெலியாத் தேயிலையை இலங்கைத் தேயிலைகளில் ஷாம்பெயின் என்பார்கள். வெளிறிய பொன் நிறம், பூ மணம், நாக்கில் லேசான துவர்ப்பு. பாலும் சீனியும் கலந்த தே தாரிக் குடித்தே வளர்ந்த நமக்கு முதல் கிண்ணத்தில் ஒன்றும் பிடிபடாது. மூன்றாவதில் பிடிபடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். லயம். ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. அவன் அம்மா கொடுத்தது டம்ளரில் கறுப்பாகச் சாயத்தண்ணி. ஏற்றுமதியாகிற பொன் நிறமெல்லாம் இல்லை, தூள்தான். ஆனால் அந்தக் குளிருக்கு அதுதான் சரி.

என் பாட்டி யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. நாங்கள் சொற்களை மாற்றிக்கொண்டோம். பெரட்டு, கங்காணி, துரை, லயம் இரண்டு நாட்டிலும் ஒன்று. எங்கள் ஆயாக்கொட்டகை அவர்களுக்குப் பிள்ளைக்காம்பரா. எங்கள் கிராணி அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை. ஒரே ஊர்களிலிருந்து கிளம்பியவர்கள்தானே, சிலர் மண்டபம் வழியாக இங்கே வந்தார்கள், சிலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார்கள்.

கதைகளும் ஒட்டித்தான் போகின்றன. 1948 குடியுரிமைச் சட்டம் இங்குள்ள தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த அம்மாவின் பெரியப்பா குடும்பம் அப்படிப் போனதுதான், இப்போது கூடலூரில் இருக்கிறதாம். எங்கள் நாட்டில் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் வந்தபோது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பிப் போனார்கள். என் பாட்டியிடமும் சிவப்பு அட்டைதான் இருந்தது. எப்படியோ தங்கிவிட்டார்.

சம்பளத்தையும் கேட்டேன். 2021இல் நாள் கூலி 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைக் கூலி 1,350. நாங்கள் போனபோது நம் காசுக்கு ஏறக்குறைய 20 ரிங்கிட். கோல்ஃபுக்கு நாங்கள் அன்று கட்டியது அவருக்குப் பல நாள் கூலி. கணவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கேடிக்குக் கூலியோடு கூடச் சேர்த்துக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அதோடு தமிழில் பேசுங்கள். வழிகாட்டி காட்டாத கதவுகள் அதில் திறக்கின்றன.

“பாட்டி இருந்த லயம் இன்னும் இருக்குதா?” என்று அந்த அம்மா கேட்டார். இல்லை, பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள், நாங்கள் பட்டணத்தில் வரிசை வீட்டில் இருக்கிறோம் என்றேன்.

“அந்த வீட்டுக்கு உறுதி இருக்கா? உங்க பேர்லயா?”

அவர்கள் மண்ணில் உறுதி என்றால் காணிப் பத்திரம். மலையக மக்கள் கேட்டுக்கொண்டே இருப்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம். அப்பா பேரில் இருக்கிறது என்றேன்.

“அப்ப நல்லது” என்று சொல்லி, டம்ளரில் மறுபடியும் ஊற்றினார்.