எப்பாடம் எடுப்பது?

சென்ற பூரணை நாளன்று மாலை, கல்லடிப் பாலத்தருகே வாவிக்கரையில் அமர்ந்திருந்தோம். உடனிருந்தவள் எமது தங்கை மகள். க.பொ.த. சாதாரணதரத்தில் நன்கு தேறியவள். "பிள்ளை டாக்குத்தர்தான்" என்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர். அவளுக்கோ தமிழிலும் வரலாற்றிலும் தீராத பற்று.

"மாமா, கலைப்பிரிவில் படித்துப் பட்டம் பெற்றுவிட்டுப் பிறகு மருத்துவம் படிக்க இயலாதா? அமெரிக்காவில் அப்படிச் செய்கிறார்களாமே?" என்று கேட்டாள்.

அவள் கேள்வியுற்றது மெய்யே. அந்நாட்டில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரி புகுகின்றனர். முதன்மைப் பாடம் வரலாறாயினும் இசையாயினும் தடையில்லை. வேண்டிய அளவு உயிரியல், இரசாயனம், பௌதிகம் கற்று நுழைவுத் தேர்விலும் தேறினாற் போதும். நியூயோர்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி, 1987ஆம் ஆண்டில் இலக்கிய மாணவர்க்கென்றே தனிவழி ஒன்றைத் திறந்தது. அவ்வழி வந்தோர் ஏனையோருக்கு ஈடாகவே கற்றனர் என்று 2010இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று.

எமது நாட்டு வழக்கம் வேறு. இங்கே மருத்துவபீட வாயிலைத் திறப்பது பட்டமன்று, உயர்தரப் பரீட்சையே. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்றையும் எடாதவர்க்கு அவ்வாயில் பதினாறு வயதிலேயே அடைபட்டு விடுகின்றது. எடுத்தவர்க்கும் இசட் புள்ளி என்னும் தராசு உண்டு. நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கும், 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுத்துள்ளனர். பரீட்சைக்குத் தோற்ற மூன்று தடவையே வாய்ப்பு.

அம்மூன்று தடவையும் எவ்வாறு கழியும் என்பதை எமது வீட்டிலேயே கண்டோம். எமது மகன் வரலாறு படிக்க விரும்பினான். நாமோ சுவாமி விபுலாநந்தரை எடுத்துக் காட்டினோம். காரைதீவிற் பிறந்த அடிகளார் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி; எனினும் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார்; 1947இல் யாழ் நூலைத் தந்தார். "விஞ்ஞானம் படித்தவன் தமிழுக்கு வரலாம், தமிழ் படித்தவன் வைத்தியனாக இயலுமா?" என்று வாதாடி அவனை உயிரியற் பிரிவிற் சேர்த்தோம். மும்முறை எழுதினான். மும்முறையும் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நின்றான். மூன்றாம் பெறுபேறு வந்த அன்று இதே கரையில் இரவு வெகுநேரம் தனித்திருந்தான். பின்னர் வெளிவாரிப் பட்டம் பெற்று, இன்று பாடசாலையில் வரலாறு கற்பிக்கின்றான், மகிழ்ச்சியாகவே இருக்கின்றான். இன்றுவரை எம்மை ஒரு சொல் நொந்ததில்லை. அதுவே எமக்கு மிகுந்த வேதனை.

அடிகளாரின் வாழ்வு காட்டியது, கற்ற பாடம் மனிதனைக் கட்டிவைப்பதில்லை என்பதையே. பெற்றோர் பிள்ளையைக் கட்டிவைக்கலாம் என்பதையன்று. இதனை நாம் உணர்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஆதலின் மருமகளிடம் மேற்சொன்ன விதிகளை எல்லாம் ஒளியாது விளக்கினோம். பின்னர், "வைத்தியராக வேண்டும் என்பது உன் ஆசையா, வீட்டாரின் ஆசையா?" என்று வினவினோம்.

சிறிதுநேரம் நீரையே நோக்கியிருந்தாள். "அம்மம்மா ஆசுபத்திரியிற் கிடந்தபோது எனக்கும் அந்த ஆசை வந்தது மாமா. ஆனால் இப்பொழுது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கிழமை தாருங்கள்" என்றாள்.

வீடு சென்று, தங்கையோடும் மைத்துனரோடும் வாதாடி அந்த ஒரு கிழமையைப் பெற்றுக் கொடுத்தோம். அவள் எதைத் தேர்ந்தாலும் விண்ணப்பப் படிவத்தைத் தன் கையாலேயே நிரப்புவாள். எமது மகனுக்கு நாம் கொடாதது அந்த ஒரு கிழமைதான்.