மாட்டு வண்டியில் ஒரு மாயப் பயணம்

அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு மாய உலகம் புதிதல்ல. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் மூலம் நமக்குப் பாக்தாத் நகரைக் காட்டிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. என் தாத்தா அந்நகரைத் திரையில் கண்டார். நானும் நண்பர்களும் பழைய பயணமொன்றைக் கண்ணில் மாட்டும் மெய்ந்நிகர் கருவிக்குள் கொண்டுவர முனைந்தோம்.

எடுத்துக்கொண்டது கேப்டன் லின்னேயஸ் டிரைப்பின் பயணம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான அவர், 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் தெற்கே புறப்பட்டார். அன்று சேலம் ஜில்லாவிலிருந்த இராயக்கோட்டையைப் படம்பிடித்தார். 1858-இல் அப்படங்கள் நூலாயின. திருச்சி, தஞ்சைப் பகுதிகளை அவர் இரட்டைப் படங்களாகவும் எடுத்தார். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழம் காண்கிறது. 1838-இலேயே வீட்ஸ்டன் விளக்கிய இத்தத்துவமே நம் கருவியிலும் இருக்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புவதுதான் புதிது.

மலையும் கோட்டையும் எளிதில் அமைந்துவிட்டன. தாத்தா ஒருகாலத்தில் வண்டி ஓட்டியவர். கருவியை மாட்டிவிட்டேன்.

"ஏன் கண்ணு, வண்டி ஓடம் மாதிரி மிதக்குது? மாடு மூச்சு வாங்குற சத்தமே காணோம்!" என்றார்.

சுருக்கென்றது. காட்சியைக் குலுக்கிப் பார்த்தோம்; உடம்பு அசையாமல் கண் மட்டும் அசைந்ததால் இருவருக்குக் குமட்டல் வந்தது. பிறகு காட்சியை நிறுத்தி, பெஞ்சை ஒரு நண்பன் கையால் ஆட்டினான். தாத்தா சிரித்து, வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு எங்கே என்றார். மண்ணெண்ணெய் நம் ஊர்களுக்கு வந்தது அதற்குப் பிறகு என்று சொல்ல எனக்குச் சங்கடமாயிருந்தது. விளக்கெண்ணெய்ச் சுடர் வைத்தோம்.

பெரிய சச்சரவு வேறு. பழைய படங்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இல்லை. நெடுநேரம் ஒளிபடவேண்டிய காகிதத் தகட்டில், நடந்துபோகிறவர் பதிவதில்லை. "கூட்டத்தை நாமே வரைந்துவிடுவோம், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றான் நண்பன். அவர்கள் முகமும் உடையும் நமக்கு யார் சொல்வது? நான் மறுத்தேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை.

முடிவில் தெருவை வெறுமையாகவே விட்டு, ஒலியை மட்டும் சேர்த்தோம். தாத்தா பரணிலிருந்து மாட்டுச் சலங்கையைத் தேடி எடுத்துத் தந்தார். ஏற்காடு பேருந்துகள் ஓய்ந்த இரவில் மொட்டை மாடியில் பதிவு செய்தோம். குலுக்கியது அந்த நண்பன்தான்.