எப்ப பாத்த?

என் அப்பா சங்கு குளிக்கப் போனவர். 'கிழக்க அந்தப் பார்ல (கடலடித் திட்டில்) சங்கு கெடக்கு' என்று கூட்டாளி ஒருவர் வந்து சொன்னால், எங்கே, எவ்வளவு என்றெல்லாம் அவர் முதலில் கேட்கமாட்டார். 'எப்ப பாத்த மாப்ள?' என்பார். நேற்று என்றால் வள்ளம் கிளம்பும். போன வாரம் என்றால் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குள் நாலு வள்ளம் அங்கே முங்கியிருக்கும், இல்லை தண்ணி கலங்கியிருக்கும். சின்ன வயதில் இது எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது.

பிறகு நான் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருஷம் ஸ்டோர்ஸ் வேலை பார்த்தேன். ஊருக்கு வந்தால் பீரங்கி, ஏவுகணை பற்றித்தான் கேட்பார்கள். நான் கட்டி மேய்த்ததெல்லாம் பருப்பு மூட்டை, பம்பு உதிரிபாகம், கயிறு, பெயின்ட், சோப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேட்டர்ன் நம்பர் உண்டு. ரேக்கில் தொங்கும் பின் கார்டில் வரவும் செலவும் ஏறும். கார்டு சொல்லும் எண்ணிக்கையும் கை தொட்டு எண்ணும் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அன்று ராத்திரி தூக்கம் வரும்.

நான் சேர்ந்து சில வருஷத்தில் லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கப்பலில் உட்கார்ந்தபடியே மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி பண்டகசாலைகளில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார்கள். பெரிய காரியம்தான். ஆனால் என் முதல் அடி அங்கேதான் விழுந்தது. ஒரு பம்பின் இம்பெல்லர் உடைந்துவிட்டது. திரையில் பார்த்தால் ஒரு பண்டகசாலையில் இரண்டு இருப்பு. இன்ஜினியரிடம் 'இருக்கு சார், நாளன்னைக்கு வந்துரும்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வரவில்லை. இரண்டையும் மூன்று வாரத்துக்கு முன்பே வேறொரு கப்பல் வாங்கிப் போயிருந்தது. வவுச்சர் மட்டும் யாரோ ஒருவருடைய மேஜைத் தட்டில் பதிவுக்காகக் காத்துக் கிடந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய உண்மையைச் சொன்னது.

ஒரு இம்பெல்லர் தாமதமானதோடு அது முடியவில்லை. அந்த இன்ஜினியர் அதற்குப் பிறகு என் திரையை நம்பவில்லை. ஒன்று வேண்டும் என்றால் மூன்று கேட்டார். வந்த மூன்றில் இரண்டைத் தன் லாக்கரில் பூட்டினார். அவர் லாக்கரில் இருப்பது எந்தக் கணக்கிலும் கிடையாது. ஆகவே பண்டகசாலையில் தட்டுப்பாடு. தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் அடுத்த கப்பல்காரர் ஐந்து கேட்டார். எல்லாக் கப்பலிலும் பொருள் இருக்கும், ஆனால் தேவைப்பட்ட கப்பலில் இருக்காது. ரேஷன் கடையில் சீனி வராது என்று வதந்தி கிளம்பினால் தெருவில் என்ன நடக்கிறதோ அதேதான். ராணுவத்தில் பதுக்கல் பேராசையால் வருவதில்லை; பழைய தகவலில் ஒருமுறை சூடுபட்டதால் வருவது.

இதில் நாம் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம். 1990-91 வளைகுடாப் போருக்காக அமெரிக்கா 40,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கடல் வழியே அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கரையில் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்டது வந்ததா என்று தெரியாத படைப்பிரிவுகள் அதையே மறுபடியும் கேட்டன. குவிந்து கிடந்த சரக்குக்கு 'இரும்பு மலை' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பெட்டிக்குப் பெட்டி ரேடியோ அட்டை ஒட்டும் வேலை மும்முரமானது. 2003-இல் இராக்குக்குள் போனபோது அட்டைகள் இருந்தன. அப்போதும் முன்னால் ஓடிய படைகள் உதிரிபாகம் இல்லாமல் தவித்தன. பெட்டி எங்கே இருக்கிறது என்று பின்னால் இருந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்தது. பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்டு வாங்கத்தான் நம்பகமான இணைப்பு இல்லை.

ஓய்வு பெற்றபின் தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். போருக்காக வளர்ந்த அதே ரேடியோ அட்டை வித்தை அங்கே சாதாரணமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 முதல் ஏற்றுமதிப் பெட்டிகளில் மாட்டும் இ-சீல் அந்தக் குடும்பம்தான். துறைமுகத்தில் ரீடரைக் காட்டினால் சீல் வைத்த நேரம் முதல் எல்லாம் சொல்லிவிடும். ஸ்கேன் செய்யும் பையன்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வண்டி உள்ளே வரும்போதே ஸ்கேன் பண்ணு. டீ குடித்துவிட்டு வந்து இருபது பெட்டியைச் சேர்த்து ஸ்கேன் பண்ணினால், இருபது பெட்டியும் ஒரே நிமிஷத்தில் வந்ததாகக் கணக்கு ஏறும். அந்தக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

கணக்கு உடனுக்குடன் ஏற வேண்டும் என்பதற்காக, எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்பதும் சரியில்லை. ஒரு கப்பல் எத்தனை நாள் ரேஷன் ஏற்றுகிறது என்று தெரிந்தால், அது எத்தனை நாள் கடலில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். துப்பாக்கிக் கணக்கைவிட அரிசிக் கணக்கு அதிகம் பேசும். 2019 கடைசியில் கடற்படை, கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனைத் தடை செய்தபோது இளசுகள் புலம்பினார்கள். ஸ்டோர்ஸ்காரர்களுக்கு அதன் காரணம் புரிந்தது.

பார்த்துப் பதிந்து, கிளம்பும் முன் மறுபடியும் பார்க்கும் வித்தை எங்கள் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. முத்துக் குளிப்பை அரசாங்கமே நடத்திய காலத்தில், முதலில் ஆய்வாளர்கள் பாருக்குப் போவார்கள். குளியாளிகளை இறக்கி, ஒரு முங்கலுக்கு எத்தனை சிப்பி வருகிறது, என்ன வயது என்று பதிவார்கள். சில ஆயிரம் சிப்பியை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். அதன் பிறகே குளிப்பு அறிவிப்பு வரும். கீழக்கரையிலிருந்து குளியாளிகள் வருவார்கள், வியாபாரிகள் வருவார்கள், மணலில் ஓர் ஊரே முளைக்கும். ஆனால் மழைக்காலத்துக்கு முன் நிறைந்து கிடந்த பார், பங்குனியில் போய்ப் பார்த்தால் காலியாக இருப்பதுண்டு. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கும், இல்லை திருக்கையும் மற்ற மீன்களும் தின்று தீர்த்திருக்கும். அதனால்தான் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற ஆய்வாளர்கள் ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், குளிப்புக்கு முன் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-இல். அந்த ஆய்வுக் கணக்குகளைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் கேள்விதான் காதில் விழுந்தது.

2023 மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17, மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தி நேரத்துக்குக் கிடைத்ததால் செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். சுமார் 800 பயணிகள் உயிரோடு மாட்டிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் அவர்களுக்குச் சாப்பாடு போட்டது. அந்த ரயில் எல்லார் கண்ணிலும் பட்டது. சுற்றி எத்தனையோ ஊர்கள் படவில்லை.

நான் இருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். நிவாரணப் பொருள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ரொட்டி, பிஸ்கட், பழைய துணி. குடிதண்ணீரும் பால் பவுடரும் நாப்கினும்தான் குறைவு. பல இடங்களில் செல்போன் டவர் படுத்துவிட்டதால், ஊர்களிலிருந்து நேராகப் பேச ஆள் இல்லை. கைக்கு வந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி. ஏரல் பக்கம் ஒரு தெருவில் குழந்தைகளுக்குப் பால் இல்லை என்று ஒரு செய்தி. ஒரு டிராக்டரில் அனுப்பினோம். மறுநாள் காலை அதே செய்தி, எழுத்துப் பிசகாமல், வேறு மூன்று பேரிடமிருந்து வந்தது. பையன்கள் மறுபடியும் வண்டி ஏற்றத் தொடங்கினார்கள். நான் தடுத்தேன். ஒரு தம்பி கோபப்பட்டான்: 'அண்ணாச்சி, புள்ளைங்க பசியில கெடக்கு, நீங்க கணக்குப் பாக்கிய?' அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நாங்கள் இரண்டாம் தடவை அனுப்ப இருந்த பால், அதுவரை யாருமே பேசாத ஊருக்குப் போக வேண்டிய பால்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். ஊர், தெரு, என்ன வேண்டும், எத்தனை பேருக்கு, கண்ணால் பார்த்தவர் யார், எப்போது பார்த்தார், நாம் அனுப்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம். தண்ணீரில் நடந்து வந்தவர்கள், பால்காரர், மின்வாரிய ஆட்கள், திரும்பி வந்த டிராக்டர் டிரைவர் என்று யார் வந்தாலும் முதலில் உட்காரவைத்துக் கேட்டோம். நேரம் சொல்ல முடியாத செய்தியைத் தனிப் பக்கத்தில் எழுதினோம். அதைத் தூக்கி எறியவில்லை. அந்தப் பக்கமாகப் போகிற அடுத்த ஆளிடம் 'பாத்துட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினோம். சாயங்காலத்துக்குள், ஒருவருமே பேசாத ஊர் எது என்பது காலிக் கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மறுநாள் முதல் வண்டி அங்கே போனது. கோபப்பட்ட தம்பிதான் ஓட்டிக்கொண்டு போனான்.

செயற்கைக்கோளும் செயலியும் அடுத்த மழைக்கு இன்னும் நன்றாக வேலை செய்யட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் கைக்கு ஓர் உதவிச் செய்தி வந்தால், மேலே அனுப்புவதற்கு முன் கண்ணால் பார்த்தவர் பெயரையும் பார்த்த தேதி, மணியையும் கேட்டு அதன் தலையில் எழுதுங்கள். உதவி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், அதையும் அதே வழியில் திருப்பி அனுப்புங்கள்.