ஞானஸ்நானம் பெறாதவர்க்கு மீட்பு இல்லையா?



ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் நண்பர்கள் சிலரிடம், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் மிகக் கடினமானது எது என வினவினேன். ஏறத்தாழ எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சொன்னார்கள். "ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்துபோன எங்கள் தாத்தா இப்போது எங்கே இருக்கிறார்?" நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கூரையின்கீழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழ்வது புதிதன்று. ஆகவே இறையியல் கல்லூரியில் எழுவதற்கு முன்பே நம் வீட்டுக் கூடத்தில் இக்கேள்வி எழுந்துவிடுகிறது. அதற்குச் சிலர் யோசிக்காமல் தரும் விடைகளைக் கேட்டு மனம் நொந்ததுண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் கொஞ்சம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், தமிழாசிரியனுக்கு வேறு எங்கிருந்து தொடங்கத் தெரியும்! 'பாப்திசோ' என்னும் கிரேக்க வினைக்கு நீரில் அமிழ்த்துதல் என்பது பொருள். சீர்திருத்தச் சபையார் 'ஞானஸ்நானம்' என்கின்றனர். கத்தோலிக்கரும் நெடுங்காலம் அவ்வாறே வழங்கிப் பின்னர்த் 'திருமுழுக்கு' என்னும் சொல்லுக்கு மாறினர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் திருமுழுக்கே உள்ளது. ஒரு சொல் உள்ளத்து அறிவின் பக்கம் சாய்கிறது. மற்றொன்று நீரின் பக்கம் சாய்கிறது. சபைகளுக்கிடையே நிகழும் வழக்காடலும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

வேதத்தைத் திறந்தால் இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கும். யோவான் 3-ஆம் அதிகாரத்தில், நீராலும் ஆவியாலும் பிறவாதவன் இறையாட்சிக்குள் நுழைய இயலாது என்று இயேசு நிக்கொதேமுவிடம் கூறுகிறார். மாற்கு 16:16 நம்பிக்கையையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் அவ்வசனத்தின் பிற்பாதி, தண்டனைக்குரியவன் யாரென்று சொல்லுமிடத்தில் நம்பாதவனை மட்டுமே குறிப்பிடுகிறது. நீரைப் பற்றிப் பேச்சில்லை. லூக்கா 23-இல் சிலுவையில் தொங்கும் கள்வனுக்கு அன்றே பரதீசு வாக்களிக்கப்படுகிறது. அவன் எந்த ஆற்றில் முழுகினான்?

எனக்கு மிகவும் பிடித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரம். உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, கேட்டவர்கள்மேல் தூய ஆவி இறங்குகிறார். அவர்களுள் ஒருவரும் அதுவரை ஞானஸ்நானம் பெறவில்லை. கடவுள் சடங்குக்காகக் காத்திருக்கவில்லை. அதற்காகப் பேதுரு, 'ஆவியே வந்துவிட்டார், இனித் தண்ணீர் எதற்கு?' என்றும் விட்டுவிடவில்லை. அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கட்டளையிடுகிறார். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் இருத்துவதுதான் கடினம். நம்மில் பலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை நழுவ விடுகிறோம்.

சபைகளின் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லுத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு ஆக்சுபர்க் அறிக்கை, மீட்புக்கு ஞானஸ்நானம் தேவை என்கிறது. கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் 1547-இல் அதையே உறுதி செய்தது. பாப்திஸ்து சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாருள் பெரும்பாலோரும், மீட்படைந்தவன் கீழ்ப்படிதலின் அடையாளமாக எடுப்பதே முழுக்கு என்பர். இரட்சணிய சேனையிலோ நீர் ஞானஸ்நானம் என்னும் வழக்கமே இல்லை!

ஆயினும், தேவை என்று அழுத்தமாகச் சொன்னவர்களே, கண்முன் ஒருவர் இறந்து கிடந்தபோது என்ன சொன்னார்கள்? அதைத்தான் நான் தேடிப் படித்தேன்.

கி.பி. 392-ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசன் இரண்டாம் வாலந்தீனியன் தன் 21-ஆம் அகவையில் இறந்தான். ஞானஸ்நானம் பெற விரும்பி மிலான் ஆயர் அம்புரோசை அழைத்திருந்தான். அவர் வந்து சேருமுன் உயிர் போயிற்று. கதறி அழுத அவன் சகோதரிகளுக்கு அடக்க உரையில் அம்புரோசு ஆறுதல் கூறினார். அவன் அதை விரும்பினான், கேட்டான். அந்த விருப்பமே அவனைக் கழுவிற்று என்பது அவர் சொன்னதன் சாரம். 'ஆசை ஞானஸ்நானம்' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற கருத்துக்கு இவ்வுரை ஒரு முக்கியச் சான்று.

அதே அம்புரோசிடம் 387-இல் ஞானஸ்நானம் பெற்றவர் அகுஸ்தீன். அவரோ, ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்கு உள்ளாவர், அது மிக இலேசான தண்டனையாக இருக்கும் என்று எழுதினார். அக்கடுமையைத் தணிக்க இடைக்கால அறிஞர்கள் 'லிம்போ' என்னும் நிலையைக் கற்பித்தனர். அங்கே துன்பமில்லை, கடவுளைக் காணும் பேறும் இல்லை. இந்தக் கருத்தின் நிழலில் எத்தனை தாய்மார் வாழ்ந்திருப்பார்கள்! அயர்லாந்தில் அத்தகைய குழந்தைகளைப் புனிதப்படுத்திய கல்லறைக்கு வெளியே, ஊரோர நிலங்களில் புதைத்தனர். 1542-இல் மார்ட்டின் லூத்தர், கருச்சிதைவுற்ற பெண்களுக்கென ஓர் ஆறுதல் நூல் எழுதினார். தாயின் பெருமூச்சையே கடவுள் மன்றாட்டாக ஏற்பார் என்பது அவர் நம்பிக்கை. கத்தோலிக்கத் திருச்சபையில் 2007-இல்தான், அனைத்துலக இறையியல் ஆணையம் பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு ஓர் ஆவணம் வெளியிட்டது. லிம்போ மீட்பைப் பற்றிய மிகக் குறுகிய பார்வை, அக்குழந்தைகள் மீட்படைவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்றது.

இவற்றையெல்லாம் நான் தேடியதற்கு என் பாட்டியே காரணம். அம்மாவைப் பெற்றவர். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர். தோட்டத்துச் சிற்றாலயத்தில் முப்பது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில் அமர்ந்தவர். ஞானஸ்நானம் மட்டும் பெறவில்லை. பெரிய மாமா தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவராக இருந்தார். மகனுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று பாட்டி தள்ளிக்கொண்டே போனார். 1983-இல் இறந்தபோது, பதிவேட்டில் பெயர் இல்லையென்று கூறிப் போதகர் ஒருவர் அடக்க ஆராதனை நடத்த மறுத்துவிட்டார். சபை மூப்பர் ஒருவர்தாம் வீட்டு வாசலில் நின்று செபித்தார். 'அவள் இரட்சிக்கப்படவில்லை' என்று உறவினர் ஒருத்தி சொன்ன சொல் அம்மாவின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

வாலந்தீனியன் கதையை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவன் ராஜா, அதனாலே அப்படிச் சொன்னாங்க. மரம் சீவினவளுக்கும் இதையே சொல்வாங்களாப்பா?" என்றார். சிலுவையில் இருந்த கள்வன் ராஜா இல்லையே அம்மா என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பாட்டியின் தயக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. அவர் தலைமுறையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த அச்சம் அது. ஞானஸ்நானம் என்றால் பொட்டு அழியும், பெயர் மாறும், உறவு அறும். சென்னையில் ஓ. கந்தசாமி செட்டி என்பார் கிறிஸ்துவைத் தம் ஆண்டவராக ஏற்றும் ஞானஸ்நானம் பெறாமலே இருந்தார். தம் காரணங்களை 1915-இல் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஹெர்பர்ட் ஹோஃபர் என்னும் லுத்தரன் இறையியலாளர் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இத்தகையோரை ஆராய்ந்து 1991-இல் நூலே வெளியிட்டார். போதாக்குறைக்கு, இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு அரசாணைப்படி கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அத்தகுதியை இழக்கின்றனர். அங்கே நீரோடு எவ்வளவோ கரைந்து போகிறது. இதையெல்லாம் கடவுள் அறியாதவரா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டளை நமக்கு இடப்பட்டது. அதனால் நாம் கட்டுண்டவர்கள். கடவுள் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார் என்று எங்கும் காணோம். 1992-ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் ஏறக்குறைய இதையே போதிக்கிறது. கிடைக்காமல் போவது வேறு, வேண்டாமென்று இகழ்வது வேறு என்னும் பழைய பாகுபாடு லுத்தரன் சபையிலும் உண்டு. ஆகவே ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பத்து வயதுப் பிள்ளையிடம் 'உன் பாட்டி நரகத்தில் இருக்கிறாள்' என்று சொல்வதை என்னால் ஏற்க இயலாது. அத்தீர்ப்பை எழுதும் அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தார்? அதுபோலவே, 'அது வெறும் சடங்குதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் பெற்றோரோடும் எனக்கு உடன்பாடில்லை. பேதுரு அப்படிச் சொல்லவில்லை.

வயதானோர் உள்ள வீடுகளுக்கு ஒரு செய்தி. அவசர நேரத்தில் போதகருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் நீர் ஊற்றினால் போதும். அதை எவரும் செய்யலாம். சரியான கருத்தோடு செய்தால், ஞானஸ்நானம் பெறாத தாதி கொடுத்தாலும் செல்லும் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. லுத்தரன் சபையிலும் இறைமக்களுள் ஒருவர் கொடுக்கலாம். ஆனால் அவரே கேட்டிருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர்மேல் நம் விருப்பத்தை ஊற்றுதல் முறையன்று.

2019-இல் ஈப்போ மருத்துவமனையில் சின்னம்மா அப்படிக் கேட்டார். அவரும் பாட்டியைப் போலவே பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டவர். போதகர் வெளியூரில் இருந்தார். மேசைமேல் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கை நடுங்க, அம்மாவே மூன்று முறை ஊற்றினார். தலையணை நனைந்துவிட்டதென்று தாதி கடிந்துகொண்டார். சின்னம்மா பிழைத்து வீடு திரும்பினார். பின்பு போதகர் வந்து நடந்ததை விசாரித்தார். கொடுத்தது செல்லும், மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை என்று கூறிச் சபைப் பதிவேட்டில் எழுதினார். 'கொடுத்தவர்' என்னும் கட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.